எண்பதில் வரும் உதறல்

கலாதேவி டீச்சரின் கார் வாசலில் வந்து நின்றதும் ஜெயபாலன் வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொண்டார். ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருபத்தெட்டு வருடமாகக் கார் பட்டறை நடத்துகிறவர். பழைய கார் வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதிலும் பீடோர் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பெண்மணி இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்டினால் பொறுப்பாரா? ஐம்பது வருடப் பழைய ஜப்பான் கார் அது. எஞ்சின் முன்னால், இழுக்கிற சக்கரம் பின்னால். இரண்டுக்கும் நடுவே காரின் வயிற்றுக்கடியில் ஷாஃப்ட் என்கிற நீளத் தண்டு சுழன்றுகொண்டிருக்கும்.

"இன்னும் உதறுதுங்க. எண்பதத் தாண்டுனா சீட்டே ஆடுது" என்றார் டீச்சர்.

"நாந்தான் அப்பவே சொன்னேனே. கியர்பாக்ஸுதான் லா, டீச்சர். அத செஞ்ச ஆளு யாரு?"

யாரென்று அவருக்குத் தெரியாதா என்ன! தர்மா. ஆறு வருடம் இவரிடம் வேலை பார்த்துவிட்டு வடக்கே கமுந்திங்கில் தனியாகப் பட்டறை போட்டவன். ஆகஸ்டில் இந்தக் காரின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டியவன் அவன். அக்டோபரில் ஷாஃப்ட்டின் மூட்டுகளை மாற்றியவர் ஜெயபாலன். உதறல் வந்ததோ அதற்குப் பிறகு. வந்தால் என்ன, தன் கை பட்டது கெடுமா? பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடத்துக்குக் குரல் பதிவு போட்டார். 'தர்மா மாட்டு வண்டிக்கு மை போடத்தான் லாயக்கு' என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார். நூற்று நாற்பது பேர் கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு, டீச்சர் காரைத் தவிர ஈப்போவிலிருந்து ஒரு பழைய கார்கூடக் கமுந்திங் பக்கம் போகவில்லை.

"தர்மா மறுபடியும் பிரிச்சுப் பாத்துட்டாருங்க. கியர்பாக்ஸ்ல ஒன்னுமே இல்லையாம். ஷாஃப்ட்ட ஒரு தடவ அண்ணனப் பாக்கச் சொல்லுங்கனு சொல்லிவிட்டாரு."

ஜெயபாலனுக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கே பாடம் சொல்றானா அவன்?"

"நானும் ஓட்டிப் பாத்தேன். மூனாவது கியர்ல போனாலும் நாலாவதுல போனாலும், சும்மா நியூட்ரல்ல விட்டாலும் எண்பதுல அதே உதறல். வேகத்த மட்டும்தான் அது பாக்குது."

ஜெயபாலன் பல்லைக் கடித்தார். டீச்சர் சொன்னது சரி. கியரைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் பார்த்து வருகிற உதறல் ஷாஃப்ட்டில் இருக்கும், இல்லையென்றால் சக்கரத்தில் இருக்கும். அதைப் போய் ஒரு டீச்சர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல். சக்கரங்களைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்தார். நான்கும் குண்டுமணி அளவுகூடப் பிசகவில்லை. மிச்சம் ஷாஃப்ட்தான். கோளாறு அதில் இருந்துவிட்டால், அந்த இரண்டு நிமிடப் பேச்சும் திரும்பி வந்து தன் முகத்திலேயே அறையும் என்பது அவருக்குத் தெரியும்.

காரைத் தூக்கிவிட்டு அடியில் போய் நின்றார்.

ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்லோடு பல் பொருந்தி நிற்கும். பிரித்தால் பழையபடி அதே பல்லில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் உதறும். அதற்காகப் பிரிக்கும் முன்பே இரண்டு துண்டிலும் நேருக்கு நேர் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். புள்ளி வைக்க மறந்தவன் அந்தப் பட்டறையில் அன்றைக்குச் சோறு தின்ன முடியாது.

துணியால் கிரீஸைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

அக்டோபரில் ஷாஃப்ட் பிரிந்து கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் ஜெயபாலனே தன் கையால் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். தரையில் கிடந்த இரண்டு துண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. பொரி, கடலையோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக் குழுவில் வாழ்த்தும் போட்டார். மறுநாள் சிவப்புக்கு நேராகச் சிவப்பைப் பார்த்துப் பூட்டிவிட்டார்.

பொட்டுக்கு நேராகப் பொட்டைப் பூட்டியிருந்தார்! காய்ந்த சந்தனம் இரண்டு துண்டிலும் ஒரே கோட்டில் அழகாக நின்றது. பெயிண்ட் புள்ளிகளோ ஒன்றுக்கொன்று கால் சுற்றுத் தள்ளிக் கிடந்து அவரைப் பார்த்து இளித்தன.

"அட மடப்பயலே" என்றார். இந்த முறை தர்மாவை இல்லை.

கழற்றினார், கால் சுற்றுத் திருப்பினார், பூட்டினார். அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஜெலாப்பாங் வழியாக ஹைவேயில் ஏறி டீச்சர் வடக்கே விட்டார். எண்பது. தொண்ணூறு. நூறு. கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

"அம்மாடி! எங்கதான் கோளாறு?"

பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'கியர்பாக்ஸுல ஒரு சின்ன சாமான்' என்றால் முடிந்தது கதை. டீச்சர் நம்பிவிடுவார், தர்மா தலையில் கட்டியது கட்டியபடியே இருக்கும். ஆனால் கோளாறு தெரிந்தும் மாற்றிச் சொல்கிற மெக்கானிக்கைத்தான் ஜெயபாலன் வாழ்நாள் முழுக்கக் காறித் துப்பியிருக்கிறார். அந்த வரிசையில் தானும் போய் நிற்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்துக் குழுவைத் திறந்தார்.

"ஜெயபாலன் பேசுறேன். டீச்சர் காரு ஷாஃப்ட்ட தப்பாப் பூட்டுனது நான். தர்மா வேல சுத்தம். நான் பேசுனது தப்பு."

அவமானத்தில் காது சுட்டது. இனி தர்மா நூற்று நாற்பது பேருக்கு முன்னால் தன்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவான் என்று காத்திருந்தார். தர்மாவின் பதில் வந்தது. குழுவில் இல்லை, அவருக்கு மட்டும்.

'தெரியும் அண்ணே. கியர்பாக்ஸுல ஒன்னும் இல்லனதும் உங்க பூஜ போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். பெயிண்டு ஒரு பக்கம், பொட்டு ஒரு பக்கம். குரூப்புல போட்டா உங்க பேரு கெட்டுருமேனு விட்டுட்டேன்.'

ஜெயபாலன் அதை மூன்று தடவை படித்தார். அவன் திட்டியிருந்தால் இவரும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பார். இதற்கு என்ன செய்வது?

"ஈப்போவுக்குத் திருப்பவா?" என்று டீச்சர் கேட்டார்.

"வேணாம் டீச்சர். நேரா கமுந்திங்குக்கு விடுங்க. அந்தப் பய என்னய நேர்ல நல்லா நாலு வார்த்த திட்டட்டும்."