கடைசி ஜீப்புக்கு மிஞ்சாத வேகம்

1

இந்தக் கதை ஒரு பவுடர் டப்பாவிலிருந்து வந்தது. எழுத உட்கார்ந்தது என்னவோ சர்வர் டிஸ்க்கைப் பற்றித்தான். முதல் வரி: 'கிளவுடில் பிளாக் ஸ்டோரேஜ் என்பது...' அழித்துவிட்டேன். அடுத்தது: 'ஏலக்காய் மணக்கும் போடி மலையில் பனி...' அதையும் அழித்தேன். வயிறு எரியும்போது பனி எதற்கு?

நிலாவுக்குப் பதினெட்டு வயது. டிப்ளமோ படிக்கிறாள், பயிற்சிக்காகப் போடியில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறாள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்களின் முகத்தைப் போனில் படம் பிடித்து வருகை பதியும் ஆப், அந்தக் கம்பெனியுடையது. ஆறு மணிக்குள் பதியாவிட்டால் லேட்டு. மூன்று லேட்டு ஆனால் பேரை எடுத்துவிடுவார்கள். நிலாவின் அம்மா அன்னக்கொடிக்கு இரண்டு ஆகிவிட்டது.

2

(தாண்டிப் போகாதீர்கள். அநியாயம் இதற்குள்தான் இருக்கிறது.)

இந்த முகப் படங்களைச் சேமிக்கக் கம்பெனி வாடகைக்கு எடுக்கும் சர்வர் டிஸ்க்கில் இடம் வேறு, வேகம் வேறு. குடோன் எவ்வளவு பெரிது என்பது ஒன்று. ஒரு நேரத்தில் எத்தனை மூட்டை வாசலைத் தாண்டும் என்பது இன்னொன்று. கம்பெனி எடுத்த ரகத்தில் குடோன் சின்னதென்றால் வாசலும் சின்னது. சும்மா கிடக்கும்போது வேகத்தைச் சேர்த்து வைக்கும். கூட்டம் வந்தால் அதை எடுத்து ஓடும். தீர்ந்தால் ஊரும். விடிகாலையில் போடி ஜீப்புகளே அந்தச் சேமிப்பைத் தின்றுவிடும். ஐந்தே முக்காலுக்குக் கடைசியாக வரும், அன்னக்கொடி ஏறும் சிலமலை ஜீப்புக்கு, திரையில் வட்டம்தான் சுற்றும்.

கம்பெனி முதலாளி லிங்கேஸ்வரனிடம் நிலா சொன்னாள்.

"அண்ணே, டிஸ்க்க நூறு ஜிபி ஆக்குனா வேகமும் கூடும்."

"இருபதே நெறயல. காலி வீட்டுக்கு வாடகை கட்டச் சொல்றியா? மத்தியானம் டெஸ்ட் பண்ணேன், பறக்குது."

"மத்தியானம் எந்த ஜீப்புண்ணே ஏறுது?"

"ஒங்காத்தாவ மூஞ்சிய ஒழுங்காக் காட்டச் சொல்லு. போய்ச் சோலியப் பாரு."

[வில்லனிடமும் ஒரு நல்ல குணம் காட்ட வேண்டுமாம். தீபாவளிக்கு அவர்... வேண்டாம். காட்ட மாட்டேன்.]

3

இன்று சாயங்காலம் அன்னக்கொடி பவுடர் வாங்கி வந்தாள். முகத்தை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"ஏ நிலா, இம்புட்டுப் பூசுனா தெரியுமா?"

"எதுக்கும்மா?"

"மூஞ்சி மெசினுக்குப் பிடிபடலன்னு டிரைவர் சீனிச்சாமி சொன்னான். கறுப்பா இருக்கேன்ல."

"ஒன் ஜீப்புல வேற யாருக்கும் சுத்தலயா?"

"ஏழு பேருக்குச் சுத்துது. ஏழு பேரும் கறுப்புதான். அதான் பெரிய டப்பாவா வாங்குனேன்."

"ஒங்க மூஞ்சில ஒண்ணுமில்லம்மா. டிஸ்க்கு சிறுசு."

"அது சிறுசா இருந்தா எனக்கு ஏன்டி லேட்டு போடுறாங்ய?"

 

4

முடிவு ஒன்று: நிலாவிடம் பாஸ்வேர்டு இருக்கிறது. யாரையும் கேட்காமல் டிஸ்க்கைப் பெரிதாக்குகிறாள். சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம். ஆனால் கூட்டினால் கூட்டியதுதான், திரும்பக் குறைக்க முடியாது. காலையில் ஏழு முகமும் பதிகிறது. பத்து மணிக்கு லிங்கேஸ்வரன் அவளை வெளியே போகச் சொல்கிறார். பயிற்சிச் சான்றிதழ் இல்லை, டிப்ளமோவும் இல்லை.

முடிவு இரண்டு: அவள் எதையும் தொடவில்லை. ஏழு பெண்கள் பவுடர் பூசிய முகத்தோடு போனுக்கு முன்னால் வரிசையில் நின்று அந்த வட்டத்தையே...

எழுத முடியவில்லை.

எனக்கே நிலா என்று வேறு பேர் போட்டுக்கொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

டிஸ்க்கின் அளவை மாற்றும் பக்கம் திரையில் திறந்திருக்கிறது. கட்டத்தில் இருந்த 20-ஐ அழித்துவிட்டேன். இன்னும் எதுவும் போடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள்? வெரசாச் சொல்லுங்கள். அம்மா நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். மறந்துவிடக் கூடாதென்று பவுடர் டப்பாவைத் தூக்குவாளி மேலேயே வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.