முன் வரிசைக் கதிரை

துரை வேடத்தைத் தான் எடுத்துக்கொண்டதற்குத் தன் மூக்குத்தான் காரணம் என்று கிறிகோரி சொல்லித் திரிந்தார். எடுப்பான மூக்குத்தான், பொய்யில்லை. ஆனால் நாடகத்தை எழுதியவரும் பழக்கியவரும் ஒரே ஆள் என்றால் நல்ல வேடம் யாருக்குப் போகும் என்பதைப் இத்தாலியில், போர்கோ வெக்கியோவில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கதை விக்டோரியா மகாராணி காலத்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் நடக்கிறது. இந்தியாவிலிருந்து ஒரு நாடகக் கம்பனி வந்து கொட்டகை போடுகிறது. சனம் மண்ணில் குந்தியிருக்கும். துரைமாருக்கு மட்டும் முன்னால் கதிரை. அந்தக் கதிரைகளை அரசாங்கக் கச்சேரியிலிருந்து தலையில் சுமந்து வருகிறவன் வைத்தி. நாடகம் தொடங்கியும் துரையைக் காணவில்லை. கால் நோவோடு நிற்கும் வைத்தி ஒரு கதிரையின் நுனியில் இருந்து பார்க்கிறான். அந்த நேரம் பார்த்துக் கச்சேரியை ஆளுகிற ஏசண்டர் துரை உள்ளே வருகிறார்.

“சுமப்பது உன் வேலை. அமர்வது என் வேலை. எழுந்திரு.”

நாடகத்தின் உயிரே இந்த வசனம்தான் என்று கிறிகோரிக்கு ஒரே பெருமை. வெள்ளைக்காரனின் திமிரை மூன்று வசனத்தில் அடக்கிவிட்டாராம்.

ஒத்திகை வீட்டுக் குசினியில் நடந்தது. அவருடைய மனைவி அனிற்றா, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மேல் மாடியில் மார்த்தினா என்ற வயதான இத்தாலியச் சினியோராவைப் பராமரிக்கிறவள். படி ஏறி ஏறிக் குதிக்கால் நோ. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தையல் மெசினில் இருந்து நாடகக்காரருக்கு உடுப்புத் தைத்தாள். சினியோரா எறியச் சொன்ன பச்சைத் திரைச்சீலைதான் துரையின் கோட்டு. கிறிகோரி வசனம் பழகும்போது வைத்தியும் அவள்தான். குசினிக் கதிரையில் இருந்து குதிக்காலைத் தேய்ப்பாள். அவர் “எழுந்திரு” என்றதும் வாயில் கவ்விய குண்டூசிகளோடு எழும்புவாள். அந்தத் தேய்ப்பு கிறிகோரிக்குப் பிடித்துப்போய், வைத்தியாக நடித்த றோபேட்டுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்.

“எனக்கு வேடமும் வேண்டாம், மைக்கிலை நன்றியும் சொல்ல வேண்டாம்,” என்றாள் ஒருநாள். “முன்னுக்கு ஒரு கதிரை தாங்கோ. தொடக்கத்திலையிருந்து முடியுமட்டும் இருந்து பாக்கோணும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே.”

“நடுக் கதிரை உமக்குத்தான். நான் பொறுப்பு.”

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. நல்ல எண்ணம்தான் அளவுக்கு மிஞ்சி இருந்தது. அதிலே கொஞ்சம் சினியோரா மார்த்தினாவுக்கும் போனது. நம் சனம் இந்த ஊரில் ஒரு விழா வைத்தால் முன் வரிசை இத்தாலியர்களுக்குத்தான். பங்குச் சுவாமியார், வேலை தருகிற சினியோராமார், விசாப் பேப்பர் வேலைக்கு உதவுகிற ஒன்றிரண்டு பேர். அவர்களுக்குக் குஷன் போட்ட கதிரை, கையில் ஜூஸ். நம்மாட்கள் பின்னால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். இது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கேட்பாரும் இல்லை.

அப்படித்தான் கிறிகோரி மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தானே போய்ச் சினியோராவை அழைத்துவிட்டு வந்தார்.

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்,” என்றாள் அனிற்றா.

“அவ வந்தால் எங்களுக்குத்தானே பெருமை.”

“பெருமைதான். அவவைப் படியாலை இறக்கிக் கொண்டுவாறது ஆர்?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. அவளுடைய ஒரேயொரு லீவு நாளைத் தானே எடுத்துச் சினியோராவிடம் கொடுத்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் என்ன, போய் வரவேண்டாம் என்று சொல்ல முடியுமா? “கதிரை இருக்குத்தானே, பக்கத்திலை இருந்து பாரும்,” என்று சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பங்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பவுடர் பூசிய முகமும் பச்சைக் கோட்டுமாகக் கிறிகோரி வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றார். அனிற்றாவின் கையைப் பிடித்தபடி சினியோரா வந்தார். பின்னாலேயே யாரும் எதிர்பாராமல் அவருடைய தம்பி அந்த்ரேயாவும் வந்தார். அவர் அவக்காத்தோ, வழக்கறிஞர். கிறிகோரியின் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, ஒருமுறை சிக்கலில் மாட்டியபோது டெலிபோன் எடுத்துப் பேசி உதவியவர்.

முன் வரிசையில் இரண்டு இடம்தான் மிச்சம். ஒன்றில் அனிற்றா சினியோராவை இருத்தி, சால்வையை மடியில் போட்டுவிட்டாள். மற்றது நடுக் கதிரை. அதன் முதுகில் கையை வைத்து அவள் இருக்கப்போகையில் கிறிகோரி கிட்ட வந்தார்.

“அனிற்றா, அவக்காத்தோவுக்கு இடமில்லை.”

“பின்னாலை இருக்குதே.”

“அவரைப் பின்னாலை விடுறது அழகில்லை. எவ்வளவு உதவி செய்த மனுசன். நீர் ஒருக்கால் விடும். நான் உமக்கு வேறை கதிரை எடுத்துத் தாறன்.”

அவள் கையை எடுத்தாள். ஒரு முறைப்பு, ஒரு ஏச்சு என்று ஏதாவது கிடைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவக்காத்தோ நன்றி சொல்லி உட்கார்ந்தார். கிறிகோரி கதிரை தேடிப் பின்பக்கம் போனார். அதற்குள் பின் கதிரைகளும் நிறைந்துவிட்டன. மைக்கில் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ வாறன், இதோ வாறன் என்று மேடைக்குப் போனவர் போனவர்தான்.

திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அனிற்றா பக்கச் சுவரோடு நின்றாள். ஒரு கையில் சினியோராவின் கைப்பை, மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல். சினியோரா திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவருக்கு வந்தாள். யாரையாவது அனுப்பி ஒரு மர வாங்கையாவது எடுத்துப் போடச் சொல்லலாமா என்று பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வேடம் போட்டவர்கள். நாடகம் தொடங்கிவிட்டதே என்று தானும் இறங்கவில்லை. முடிந்ததும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் போச்சு என்று மனதைத் தேற்றினார். அது தேறவில்லை.

வைத்தியின் காட்சி வந்தது. றோபேட் கதிரை நுனியில் பயந்து பயந்து இருந்து குதிக்காலைத் தேய்த்தான். சனம் அமைதியாகப் பார்த்தது. பிரம்போடு கிறிகோரி உள்ளே நுழைந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார்.

றோபேட்டின் தலைக்கு மேலால் அந்தச் சுவர் தெரிந்தது. அனிற்றா ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நோகிற குதிக்காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

வசனம் மறக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக நின்றது. யாருக்கு எழுதிய வசனத்தை யாருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்ததும் நாக்கு எழும்பவில்லை. வெட்கத்தில் பவுடருக்குள் வியர்த்தது.

“கிறிகோரி அண்ணை, சொல்லுங்கோ,” என்று றோபேட் வாய் அசையாமல் முணுமுணுத்தான்.

மண்டபத்தின் பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. பழக்கிய மனுசனே வசனத்தை விட்டுவிட்டார் என்று இரண்டு பேர் குசுகுசுத்தார்கள்.

“சுமப்பது உன் வேலை.”

சுவர்ப்பக்கத்திலிருந்து வந்தது குரல். சத்தம் போடவில்லை, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

“அமர்வது என் வேலை. எழுந்திரு.”

இவரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கிளிப்பிள்ளை போல அந்த மூன்றையும் திருப்பிச் சொன்னார். றோபேட் எழும்பினான். ஒரு கணம் கழித்து மண்டபம் கைதட்டியது. இத்தாலியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நாடகப்படி பிரம்பால் றோபேட்டை அடிக்க வேண்டும். கிறிகோரி கதிரையில்தான் அடித்தார்.

முடிந்ததும் நேரே அனிற்றாவிடம் போகத்தான் இறங்கினார். முன் வரிசையைத் தாண்ட முடியவில்லை. சினியோரா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“அருமை. இவளுடைய குரலைக் கேட்டு எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. பாவம், இடமில்லாமல் நிற்கிறாளாக்கும் என்று நாடகம் முழுக்கக் கவலைப்பட்டேன். அந்த வசனத்துக்காகவே அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பிறகுதான் விளங்கியது. உங்கள் யோசனையா?”

அனிற்றா சினியோராவின் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை நின்றது. நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள். கோபமாக இல்லை. என்ன சொல்லப்போகிறார் என்று உண்மையாகவே அறிய விரும்புகிற பார்வை.

‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். கதிரை இருந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தவர் பக்கத்திலேயே நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுசனின் முகம் வாடிவிடுமே என்றுதான் கிறிகோரிக்கு முதலில் தோன்றியது.

ஓம் என்று தலையை ஆட்டினார். அவக்காத்தோ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அனிற்றா குனிந்து சப்பாத்தை மாட்டினாள். சினியோராவின் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு இத்தாலியனில் சொன்னாள்:

“ஓம் சினியோரா, அவருடைய யோசனைதான். என்னை வீட்டிலேயே நல்லாய்ப் பழக்கித்தான் கூட்டிவந்தவர்.”