நெடுங்கால் உள்ளானுக்குக் கால் இல்லை

அபிதகுஜாம்பாளிடம் யாராவது "குட் மார்னிங்" சொன்னால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பதில் அப்புறம்தான். வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து காசோலைக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தே காலம் தள்ளியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செம்பாக்கம் அடுக்ககத்தில் குடியேறிய பிறகும் அவருடைய கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. கொத்தமல்லிக் கட்டு வாங்கினால்கூட நாரை அவிழ்த்து நடுவில் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார்.

அப்படிப்பட்டவரைப் பிள்ளைகளின் பறவை ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போட்டவர் செக்ரட்டரி ஷ்யாம்சுந்தர். அவர் ஒரு காரியம் செய்தால் அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு காரியம் ஒளிந்து நிற்கும். இது அபிதாவுக்கும் தெரியும்.

சாலையோரக் காம்பவுண்ட் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். தூணுக்குத் தூண் ஒரு கட்டம், ஆகப் பன்னிரண்டு கட்டம். பிள்ளைகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளைக் காகிதத்தில் வரைந்து தர வேண்டும். தேறுகிறவர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் தங்கள் பறவையைத் தாங்களே தீட்டலாம். பொதுக்கூட்டத்தில் கைதட்டி முடிவான விஷயம். ஆனால் அதே சுவர்மேல் ஒரு டியூஷன் சென்டர்காரருக்கும் கண். தன் மாணவர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்களை அதில் வரிசையாக ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று செக்ரட்டரி வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோடு நடந்துகொண்டிருந்தார்.

"நல்லா ஸ்ட்ரிக்டா பாருங்க மேடம்," என்றார் ஷ்யாம்சுந்தர், ஹால் வாசலில். "வேற யாராவது போட்டுக் கொடுத்ததுன்னு தெரிஞ்சா போட்டியே கேன்சல். பசங்க பாவம், பேரன்ட்ஸ் பண்ற வேலை. நான் வெளியிலதான் இருக்கேன்."

மிட்டாய் விற்கிறவன் பல் டாக்டர் நம்பரையும் கையில் கொடுப்பது போல இருந்தது அந்த அக்கறை.

உள்ளே கொடியில் கிளிப் போட்டுப் படங்கள் தொங்கின. கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கொத்தி. முதல் பார்வைக்கே அபிதாவின் மூக்கு வியர்த்தது. சரக்கு தேவைக்கு மேல் நன்றாக இருந்தது. போன பொங்கலுக்குச் சின்மயி என்ற வாண்டு வரைந்த மாட்டை நாய் என்று நினைத்து ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். அதே சின்மயியின் தாழைக்கோழி இப்போது காகிதத்திலிருந்து இறங்கித் தவிடு கேட்கும் போல நின்றது.

"தனியாத்தான் வரைஞ்சா மேடம்," என்று பக்கத்தில் வந்து நின்றாள் அவள் அம்மா ரோஹிணி. "நான் பென்சில்கூட சீவித் தரல."

"நான் கேக்கவே இல்லையேம்மா."

"இல்ல, சும்மா சொன்னேன்."

கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அபிதாவுக்குச் சந்தேகம் ஒரு பிடி கூடிவிடும். மறுபடியும் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். எல்லாப் பறவையும் இடப்பக்கம் பார்த்தது. சரி, தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். கூழைக்கடா தண்ணீரில் மிதந்தது. மீன்கொத்தியின் கீழ்ப்பாதியை ஓர் இலை மறைத்தது. தாழைக்கோழிக்கு முன்னால் கோரைப்புல். கடைசியில் தொங்கியது பிளஸ் ஒன் படிக்கும் கிட்டுவின் நெடுங்கால் உள்ளான். உடம்பைவிடக் கால் நீளமான பறவை. பேரே அதற்காகத்தான் வந்தது. அதுவும் வயிறு வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு பறவைக்கும் கால் இல்லை. கால் வரைய வராத ஒரே ஆள் எல்லாப் படத்திலும் புகுந்து விளையாடியிருக்கிறான்.

"பெரியவங்க எல்லாரும் வெளியில போங்க," என்றார் அபிதா. கதவைச் சாத்தினார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "உங்க பறவையோட காலை மட்டும் வரைஞ்சு காட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பிள்ளைகள் சந்தோஷமாகக் குனிந்தார்கள். ஆறாவது படிக்கும் ஹர்ஷா மீன்கொத்திக்குத் தோட்டத்தில் குப்பை வாரும் கருவியைப் போலக் கால் போட்டான். சின்மயி தாழைக்கோழிக்குக் கொலுசும் மாட்டிவிட்டாள். அசிங்கமோ அழகோ, எல்லாரும் போட்டுவிட்டார்கள். ஒருவன் மட்டும் ஒரு கோடு போட்டான், அழித்தான். மறுபடி போட்டான், அழித்தான். தாள் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது.

அபிதா அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை படம்டா கிட்டு?"

அவன் ஹர்ஷாவை முறைத்தான். ஹர்ஷா கூரையைப் பார்த்தான்.

"எல்லாமேதான் ஆன்ட்டி."

"எதுக்கு? என்ன குடுத்தாங்க?"

"சுவரு ஆன்ட்டி. சர்டிபிகேட் அவங்களுக்கு, கட்டம் எனக்கு. அவங்க பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, நான் பெயின்ட் பண்ணுவேன். அதான் டீல்."

"ஒரு கட்டம் உனக்குப் பத்தாதோ?"

"அங்க எல்லாம் ஒண்ணாத்தானே நிக்குது? ஆளாளுக்கு ஒண்ணு போட்டா சதுப்பு நிலம் மாதிரியா இருக்கும்? கல்யாணப் பந்தி மாதிரி இருக்கும். அவனவன் இலையை அவனவன் பாத்துக்கிட்டு." கிட்டுவின் குரல் இறங்கியது. "வெளியில சொல்லிடுவீங்களா ஆன்ட்டி? சொன்னா சுவரு போயிடும்."

கதவுக்கு அந்தப் பக்கம் செக்ரட்டரியின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

"ஒரு கள்ளக் கையெழுத்தை நான் இதுவரைக்கும் பாஸ் பண்ணினதில்ல," என்றார் அபிதா. "ஆனா ஜாயின்ட் அக்கவுன்ட்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு கை இருக்கணும். உடம்பு நீ போடு, கால் அவங்க போடட்டும்."

கிட்டு பென்சிலைக் கீழே வைத்தான். "ஹர்ஷாவோட காலா? என் மீன்கொத்திக்கா?"

"ஏன், என் காலுக்கு என்ன குறைச்சல்?" என்றான் ஹர்ஷா.

"பாதிக் கட்டத்துக்குக் கால் போட்டாப் போதுமே ஆன்ட்டி? மீதியெல்லாம் தண்ணியில நிக்கட்டும்," என்று பேரம் பேசினான் கிட்டு.

"எல்லாம் கரையேறணும்."

"கூழைக்கடாவாவது மிதக்கட்டுமே? அது நிஜமாவே மிதக்கும்."

அபிதா அவனைக் கொத்தமல்லிக் கட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சரி, அது மிதக்கட்டும். அந்தப் படத்தைக் குடுத்த பையன் தண்ணியை வரையட்டும். ஆனா உன் உள்ளானுக்கு நீயேதான் கால் போடணும். முழு நீளத்துக்கு."

"எனக்கு வராதே ஆன்ட்டி."

"அப்ப சுவரு டியூஷன் சென்டருக்கு."

கிட்டு கொடியில் தொங்கிய படங்களை ஒரு முறை வரிசையாகப் பார்த்தான். "சரி ஆன்ட்டி," என்றான்.

அபிதா கதவைத் திறந்ததும் ஷ்யாம்சுந்தர் கிட்டத்தட்ட உள்ளே விழுந்தார். "என்ன மேடம், பேரன்ட்ஸ் கைவரிசைதானே?"

"வேற ஆள் போட்டது ஒண்ணு இல்ல பல இருக்கு. ஆனா பெரியவங்க கை எதுலயும் கிடையாது. பசங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கிட்டாங்க. சுவத்துல கட்டத்துக்கு ரெண்டு பேரா சேர்ந்து போடுவாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அப்ப ரூல்படி கேன்சல்தானே?"

"பசங்க பாவம், பேரன்ட்ஸ்தான் பண்றாங்கன்னு சொன்னது நீங்க. பேரன்ட்ஸ் பண்ணல. கேன்சல்தான் வேணும்னா பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்க. அந்த ஸ்வீட் பாக்ஸ் பத்தியும் அங்கேயே பேசிடலாம்."

ஷ்யாம்சுந்தர் அதற்கு மேல் நிற்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், அந்தச் சுவரு விஷயம்..." என்று குரலைத் தாழ்த்தியபடி கேட் பக்கம் நடந்தார்.

ஹாலுக்குள் கிட்டு புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹர்ஷா பக்கத்தில் வந்து குந்தினான்.

"நான் சொல்லித் தரட்டுமாண்ணா? முன்னாடி மூணு விரல், பின்னாடி ஒண்ணு."

"டேய், உள்ளானுக்குப் பின்விரலே கிடையாது."

"அப்ப இன்னும் ஈஸிதானே," என்று ரப்பரைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான் ஹர்ஷா. "போடு."