நாலு நிமிடம் பத்து விநாடி

1

"மூணு மாசமாச்சு. அந்த வாசப்படியத் தாண்டுனியா நீ?"

"தாண்டி?"

"தாண்டி என்னவா? மனுஷனா நடமாடலாம்ல. கால் கூடிடுச்சுன்னு டாக்டரே சொல்லியாச்சு."

"டாக்டர் காலப் பாத்துதான் சொன்னாரு."

"வேற எதப் பாக்கணும்? கீழ போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வான்னுதான சொன்னேன். மலையப் பொரட்டிப் போடச் சொன்னேனா?"

"உன் வண்டியில உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கத்துக்கிறவன் பயந்தா நீ மிதிப்ப. அத வண்டியோட வெச்சுக்க. என் காலுக்குள்ள வந்து மிதிக்காத."

"நானா பிரேக் போடுறேன்? கிளம்புடா கிளம்புடான்னு தள்ளிக்கிட்டு இருக்கேன்!"

"அதத்தான் சொல்றேன். விடு. என்னை விடுக்கா!"

இது நான் கற்பனை செய்த உரையாடல் இல்லை. என் டேப்லெட்டில் இருக்கிறது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அப்படியே எழுதினேன். பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவும் தம்பியும். அக்கா கார் ஓட்டச் சொல்லித்தருபவர். தம்பி உயரக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து, அது சரியான பிறகும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தார்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான். கிடைத்தது என்பது கௌரவமான சொல். எடுத்தேன்.

2

இதற்கு முன்னால் இரண்டு தொடக்கம் எழுதினேன். இரண்டையும் விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

'இசை என்பது மனித மனத்தின்—'

(வேண்டாம். இசையைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.)

'ஐம்பத்தொரு வயதில் திடீரென்று ஒரு பெண்—'

(திடீரென்று ஒன்றுமே நடக்கவில்லை. வீட்டில் ஒரு டேப்லெட் சும்மா கிடந்தது. அவ்வளவுதான்.)

எனக்கு வேலை எக்ஸ்ரே எடுப்பது. "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாளைக்கு அறுபது பேரிடம் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் எதுவும் சொல்லப் பிடிக்காது. அப்படி ஒரு சாயங்காலம் டேப்லெட்டில் ஒரு சிந்தசைசர் ஆப்பை இறக்கினேன். திரையில் கட்டைகள், அதற்கு மேலே வரிசையாகத் திருகுகள். ஒரு திருகு, சத்தம் பட்டென்று வரவேண்டுமா மெல்ல ஏறி வரவேண்டுமா என்று பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, விரலை எடுத்த பிறகும் சத்தம் எவ்வளவு நேரம் தயங்கி நிற்கவேண்டும் என்பதை. அந்த இரண்டாவது திருகில் மட்டுமே ஒரு மாதம் போனது. ஹெட்போனைக் கழற்றினால் என் வீட்டுக்காரர் சொல்வார்: "சத்தமே வராம இவ்வளவு நேரம் வாசிக்கிற ஆள இப்பதான் பாக்குறேன்."

பிறகு இன்னும் ஒரு ஆப். இதில் மைக்கைத் திறந்து வெளியே இருக்கும் எந்தச் சத்தத்தையும் உள்ளே எடுக்கலாம். எடுத்ததில் ஒரு துணுக்கை மட்டும் பிடித்து இழுத்தால் அது நூல்போல நீளும். கட்டைகளில் பரப்பினால் அதுவே ஒரு வாத்தியம். கதவு கிரீச்சிடுவதில் வயலின் மாதிரி ஒன்று செய்திருக்கிறேன். கேட்டவர்கள் கதவு என்றுதான் சொன்னார்கள். போகட்டும்.

3

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி. பால்கனியில் கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். உள்ளே வாஷிங் மெஷின் கூப்பிட்டது, போனேன். பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். எங்கள் பால்கனிக்கும் அவர்கள் பால்கனிக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது நாலு நிமிடம் பத்து விநாடி ஆகியிருந்தது.

முதல் இருபது விநாடி டம்ளர். பிறகு சண்டை. தம்பி "விடுக்கா" என்று கத்திவிட்டு உள்ளே போய் கதவைச் சாத்துவது. கொஞ்சம் அமைதி. கடைசி அரை நிமிடம் அக்கா மட்டும், தடுப்போரம் வந்து நின்று யாரிடமோ போனில், தணிந்த குரலில்:

"என்னால முடியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த வீட்ல நான் மட்டும் இருந்தாப் போதும்னு இருக்கு. அவன் எங்கயாச்சும் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. அப்படித் தோணுதேன்னு வேற அழுகையா வருது."

[இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் கதை புரியாது. எழுதிவிட்டேன். இது நான் அவரிடமிருந்து இரண்டாம் முறை எடுப்பது.]

அன்றைக்கே அழித்திருக்க வேண்டும். ஆனால் தம்பி கத்திய அந்த "விடு" இருக்கிறதே. "வி" முடிந்து "டு" விழுவதற்கு முன் அவர் குரல் ஒரு இடத்தில் உடைந்து மேலே போகும். அந்த இடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சும்மாதான். ஐம்பது பேர் தூரத்தில் நின்று ஒன்றாக மூச்சுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. என் கையிலிருந்து அதுவரை அப்படி ஒன்று வந்ததே இல்லை.

மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டேன். 'மறைத்துவிட்டு' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். 'வெட்டிவிட்டு' என்றுதான் அப்போது நினைத்தேன்.

4

பத்து நாள் கழித்து அந்தச் சத்தத்தை வைத்து ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போனின் ஒரு காது செத்துவிட்டதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வாசலில் மணி. பக்கத்து வீட்டுத் தம்பி.

நான் கதவைத் திறந்தபோது அவர் கண்களில்—

(இல்லை. கண்ணை நான் பார்க்கவே இல்லை. செருப்பைத்தான் பார்த்தேன். மேலெல்லாம் தூசி. அதற்கு நடுவில் அப்போதுதான் நுழைத்த கால்விரல்கள்.)

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க."

சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "குறைச்சுடுறேன் தம்பி" என்றேன்.

"ஐயோ, குறைக்காதீங்க. அது என்ன வாத்தியம்?"

"வாத்தியம் இல்லப்பா. ஆப்பு."

"யாருக்கு?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெயின்ட்ல சொல்வோம்க்கா, முதல் கோட்டு காயறதுக்குள்ள ரெண்டாவது அடிக்கக் கூடாதுன்னு. நீங்க ஒண்ணு மேல ஒண்ணு அடிக்கிறீங்க. எல்லாம் கலங்குது. இத மட்டும் தனியா விடுங்க. இது தனியா நிக்கும்."

சொன்னபடி செய்தேன். நின்றது.

மறுநாளும் வந்தார், அதற்கு அடுத்த நாளும். ஒரு வாரத்தில் கீழே போய்ப் பாலும் வாங்கினார். அவருடைய அக்கா படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மந்திரம் போட்டீங்கக்கா? நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்கல."

சிரித்து வைத்தேன்.

5

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். அந்தத் தம்பியை நான் நல்லவராக எழுதிக்கொண்டே போகிறேனோ? நகைச்சுவை, நல்ல காது, மரியாதை. அவர் எவ்வளவு நல்லவரோ என் குற்றம் அவ்வளவு பெரிதாகத் தெரியும், நான் வருந்துவதும் அவ்வளவு அழகாகத் தெரியும். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு போல.

ஆகவே இதையும் சொல்கிறேன். அவருக்குச் சிடுசிடுப்பு உண்டு. அக்காவைப் பற்றிப் பேசினால், "அவளா? மூச்சு விடுறதுக்கும் இண்டிகேட்டர் போடச் சொல்வா" என்பார். குடித்த டீ கிளாஸை எடுத்து வைக்கவே மாட்டார். நான் தப்பாக வாசித்தால், "நீங்க எக்ஸ்ரேவே எடுங்கக்கா" என்பார்.

எக்ஸ்ரே என்றதும் ஞாபகம் வருகிறது. இருபத்தாறு வருடத்தில் பெயர் கேட்காமல், சொல்லாமல், ஒருவரையும் நான் படம் எடுத்ததில்லை. கைவிரலாக இருந்தாலும் "எடுக்கட்டுமா?" என்று கேட்பேன். என் வேலையே மனிதர்களுக்குள் இருப்பதைப் பார்ப்பது. கேட்டுவிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கம். பால்கனியில் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போனது?

6

இப்போது என் முட்டாள்தனம்.

அவருடைய அக்கா அவருக்கு ஒரு பழைய டேப்லெட் வாங்கித் தந்தார். "அதே சத்தம் எனக்கும் வேணும்க்கா" என்றார் தம்பி. நான் என் மெட்டை அப்படியே அவருடைய டேப்லெட்டுக்கு அனுப்பினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

அன்று ராத்திரி படுத்த பிறகு உறைத்தது. இந்த ஆப்பில் வெட்டுவது வெட்டுவதே இல்லை. வேண்டாததை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். முழுப் பதிவும் பின்னாலேயே இருக்கும், திரும்ப வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று. மெட்டை அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். சத்தத்தின் பெயர்மேல் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் போதும். டம்ளரிலிருந்து அக்காவின் போன் வரைக்கும் நாலு நிமிடம் பத்து விநாடி விரியும்.

அவர் கத்தியது அவருக்குத் தெரியும். கதவைச் சாத்திய பிறகு அக்கா சொன்னது தெரியாது. அது இப்போது அவர் கையில் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.

7

சென்ற புதன்கிழமை வந்தார். ரொம்ப நேரம் திருகுகளைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்:

"அக்கா, இந்த மைக்கு எவ்வளவு தூரம் கேக்கும்?"

"ஏன் தம்பி?"

"சும்மாதான்."

"அவ்வளவு தூரமெல்லாம் கேக்காதுப்பா" என்றேன்.

அவர் "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வர்றேன். நாமளே ஒரு சத்தத்த உள்ள எடுத்து வாத்தியமா மாத்துறது எப்படின்னு காட்டுங்க. முதல்லருந்து" என்றார்.

காட்டுவதென்றால் முதல் வேலையே சத்தத்தின் பெயரை அழுத்தி முழுப் பதிவைத் திறப்பதுதான். அது தெரிந்துவிட்டால் தன்னிடம் இருக்கும் சத்தத்தையும் அவரே அழுத்திப் பார்ப்பார்.

8

முடிவுகள்.

அ) ஞாயிற்றுக்கிழமை, "புது வெர்ஷன் போட்டுத் தரேன், கொடு தம்பி" என்று டேப்லெட்டை வாங்கி, அந்த ஒரு துணுக்கைத் தவிர மிச்சத்தை நிஜமாகவே அழித்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. அவர் தொடர்ந்து வெளியே வருகிறார். தன் அலறலையே அழகு என்று ரசித்துக்கொண்டிருக்கிறார். அக்கா எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறார். (இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் இதைத்தான் செய்வேனோ என்று பயமாகவும் இருக்கிறது.)

ஆ) எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர், "என் குரலா இது? பரவால்லியே!" என்று சிரிக்கிறார். (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இ) சொல்கிறேன். எழுந்து போகிறார். அந்தச் செருப்பில் மறுபடி தூசி படிகிறது. அவருடைய அக்காவுக்கு ஏன் என்றே தெரியாது.

ஈ) அவர் ஏற்கெனவே முழுவதும் கேட்டுவிட்டார். அக்கா சொன்னதையும் கேட்டுவிட்டார். கேட்ட பிறகும் பால் வாங்கப் போகிறார், என் வீட்டுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை நானாகச் சொல்கிறேனா என்று பார்க்க வருகிறார்.

நாலாவதை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு—

(எங்கே பேனா? டேப்லெட்டில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதே டேப்லெட்.)

வீட்டுக்காரரிடம் இதுவரை படித்துக் காட்டினேன். "நீ எழுதுறது கதையா, வாக்குமூலமா?" என்றார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கதைன்னா நீயே முடிச்சுடலாம்" என்றார்.

9

அதனால் நான் முடிக்கவில்லை.

என் வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்கள் நாற்பது, ஐம்பது பேர் இருப்பீர்கள். வழக்கமாக எந்த ஆப் நல்லது, எந்த ஹெட்போன் மலிவு என்று கேட்பீர்கள். நானும் தெரிந்ததைச் சொல்வேன். இந்த முறை நான் கேட்கிறேன்.

சொல்வதா வேண்டாமா என்று கேட்கவில்லை. நான் எடுத்ததை நான்தான் சொல்லவேண்டும். 'அ'வை இப்போதே அடித்துவிடுகிறேன். எனக்குத் தெரியாதது வேறு. அந்தக் கடைசி அரை நிமிடம் என்னுடையது இல்லை, தம்பியுடையதும் இல்லை. அது அவர் அக்காவுடையது. அந்த அக்காவிடம் முதலில் போய், "நீங்க போன்ல பேசுனது என்கிட்ட இருக்கு, உங்க தம்பிகிட்டயும் இருக்கு" என்று சொல்லவேண்டுமா? அவர் அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் தம்பியிடம் சொல்வதா? அது 'அ'வுக்கு வேறு சட்டை மாட்டிவிடுவது ஆகாதா?

உங்களில் யாராவது, உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர், நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றி அலுத்துப்போய்ச் சொன்னதைத் தற்செயலாகக் கேட்டிருக்கிறீர்களா? கேட்ட பிறகும் அவரோடு அதே வீட்டில் இருக்க முடிந்ததா? கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறீர்களா?

அப்படிக் கேட்டவர்கள் மட்டும் எழுதுங்கள், போதும். ஆறுதல் வேண்டாம். என்ன கேட்டீர்கள் என்றும் எழுதவேண்டாம். கேட்டது நல்லதா, கெட்டதா, அது மட்டும். இன்று வெள்ளி. ஞாயிறு நாலு மணிக்குள் எழுதிவிடுங்கள்.