இடது பக்கத்து டிரம்கள்

ஜூஹு விமானத் தளத்தில் மோட்டார் கிளப் நடத்திய பந்தயத்தில், அறுபத்து மூன்றாம் வருஷம் மாட்டுங்கா வெங்கடராமன் மூன்றாவதாக வந்தார். அவருடையது பழைய ஃபியட். முகம் பன்றி மாதிரி இருப்பதால் பம்பாய்க்காரர்கள் அந்த மாடலை டுக்கர் என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அதிகாரி ஒருவர் டுக்கரை ஓட்டி வெளிநாட்டு வண்டிகளை முந்தியதைக் கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல்களில் வெகுநாள் பேசினார்கள்.

வண்டியைத் தயார் செய்தவர் தாராவி மெயின் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்த பிரம்மநாயகம் பிள்ளை. அடுத்த வருஷம் முதலிடம்தான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். எஞ்சின் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார். சோர் பஜாரில் அலைந்து, உடைந்த இத்தாலிய வண்டி ஒன்றிலிருந்து இரட்டைக் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். பின் சீட்டைக் கழற்றி எறிந்தார். வண்டி சீறியது. நேர் பாதையில் அதைப் பிடிக்க ஆளில்லை.

ஆனால் அந்த வருஷத்து முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய இடம்தான் கிடைத்தது.

"பிரேக் இடது பக்கம் இழுக்கறது பிள்ளைவாள். வளைவுல நம்பி விட முடியலை" என்றார் வெங்கடராமன்.

பிள்ளை பிரேக் லைனிங்கை மாற்றினார். அடுத்த பந்தயத்திலும் வண்டி பின்தங்கியது. ஸ்டியரிங் ஆடுகிறது என்றார் வெங்கடராமன். அதையும் பிரித்துப் போட்டார். பிறகு ஸ்பிரிங், பிறகு டயர். வெங்கடராமன் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறை சொன்னார். பிள்ளை ஒவ்வொன்றையும் நம்பினார். தன் கைவேலையில்தான் கோளாறு என்று நினைத்துச் சாப்பாட்டில்கூட மனம் செல்லாமல் இருந்தார்.

மழைக்காலம் முடிந்து முதல் பயிற்சி நாளன்று, "நானும் பக்கத்துல உக்காருதேன் வே. என்ன கட்பட்டு, எங்க கோளாறுன்னு நானே பாத்திருதேன்" என்று பிள்ளை ஏறிக்கொண்டார். வெங்கடராமன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிள்ளை இறங்கவில்லை.

முதல் சுற்றில் வண்டி ஒரு குறையும் இல்லாமல் பராபராக ஓடியது. வளைவுக்கு வெகு முன்பே வெங்கடராமன் காலைப் பிரேக்கில் வைத்தார். ஏன் என்று பிள்ளைக்குப் புரியவில்லை. இரண்டாம் சுற்றில் இடது பக்கமாக ஒரு ஹெரால்டு கார் ஒட்டி வந்தது. அதன் ஓட்டுநரின் முகம்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது. வெங்கடராமன் நிதானமாக அதன் மேலேயே வண்டியைத் திருப்பினார்.

"வே! வே!" என்று கத்திக்கொண்டு பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். ஹெரால்டு தப்பியது. ஃபியட், பாதை ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த தார் டிரம்கள் இரண்டைத் தட்டிவிட்டுப் புல்லில் போய் நின்றது.

எஞ்சின் அணைந்தது. பிள்ளை தலையைத் திருப்பாமல் கேட்டார்:

"அய்யரே, நேரா பாத்துக்கிட்டே சொல்லும். ஒம்ம இடது பக்கம் இன்னும் டிரம் நிக்கா, இல்லியா?"

வெங்கடராமன் நேராகப் பார்த்தார்.

"சொல்லும்."

"தெரியலை."

பிறகு அவராகவே சொன்னார். "ரெண்டு கண்ணுலயும் பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிண்டு வர்றது. டாக்டர் போன பொங்கலுக்கே சொல்லிட்டார். வைத்தியம் கிடையாதாம்."

"தெரிஞ்சேவா பிரேக்க மாத்தச் சொன்னீரு? ஸ்டியரிங்கப் பிரிக்கச் சொன்னீரு?"

"நீங்க எதையாவது கழட்டிண்டே இருந்தா, வண்டிதான் சரியில்லைன்னு எனக்கும் தோணும் பிள்ளைவாள். அந்த ஒரு வாரம் நன்னாத் தூங்குவேன்."

பிள்ளைக்குக் கோபம் வந்தது. அந்த ஹெரால்டுகாரன் செத்திருப்பான் என்று திட்டினார். ஆனால் வெங்கடராமனை அந்தப் பக்கம் நகரச் சொல்லி வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு தாதர் வரும்போது, கோபம் போய் மனசு வேறு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. வண்டியில் எதையாவது மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாதா?

லாரிக் கண்ணாடிகள் இரண்டை வாங்கி, முன் மட்கார்டுகளின் மேல் தூக்கிப் பொருத்தினார். சீட்டை உயர்த்தினார். கிளப் ஆட்களிடம் கெஞ்சி, டிரம்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். வேறு வண்டிகள் இல்லாத ஒரு காலையில் இருவரும் ஜூஹு போனார்கள். வெங்கடராமன் பாதி தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினார்.

"கண்ணாடியைப் பார்த்தா ரோடு போயிடறது. ரோட்டைப் பார்த்தா கண்ணாடி இல்லை. ஒரு குழாய் வழியாப் பார்க்கற மாதிரி இருக்கு. விட்டுடுங்கோ."

பிள்ளை கண்ணாடிகளை அங்கேயே கழற்றினார்.

வண்டியை விற்பதென்று முடிவானது. அப்துல் வாஹித் அதை டாக்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிள்ளையிடம் பல வருஷமாக ரிப்பேருக்கு டாக்சி விடுகிறவர். "இந்தக் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஊத்தியே நான் பிச்சை எடுக்கணும். சாதா வண்டியாக்கிக் குடுங்க" என்றார்.

பிள்ளை ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கினார். கார்புரேட்டர் ஒன்றானது. பின் சீட் திரும்ப வந்தது. சீவின ஹெட் மறுபடி வளராது என்பதால், வேறு வண்டியின் ஹெட்டைத் தேடிப் பூட்டினார். அந்த வேலை முழுவதும் வெங்கடராமன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சினைக் கிளப்பியபோது அது மற்ற எல்லா டாக்சியையும் போலவே முனகியது.

வாஹித் வண்டியை எடுத்துப் போன சாயங்காலம், வெங்கடராமனை அழைத்துப் போக அவர் மனைவி வாலாம்பாள் வந்திருந்தாள். அரை இருட்டில் அவரால் இப்போது ரோடு தாண்ட முடியவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்தே பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"நிலைப்படியில முட்டிக்கறப்போ எல்லாம் ஏதோ யோசனைன்னு நினைச்சேன். வருஷம் பூரா நீங்க கூடவே இருந்தேளே. உங்களுக்குமா தெரியலை?" என்று பிள்ளையைக் கேட்டாள்.

"வண்டியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேம்மா" என்றார் பிள்ளை.

வெங்கடராமன் வாசலில் இறங்கி நின்று, குரல் வந்த திசைக்கு முழு உடம்பையும் திருப்பினார்.

"பிள்ளைவாள், சின்ன எஞ்சின் வண்டி ஏதாவது வந்தாச் சொல்லுங்கோ. வேகம் வேண்டாம். சும்மா மெதுவா ஓட்டிப் பார்க்கலாம்."

வாலாம்பாள் பிள்ளையைப் பார்த்தாள்.

"பாக்கலாம் வே. ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கேன்" என்றார் பிள்ளை.

"அவசரம் ஒண்ணுமில்லை."

அவள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைத் தடவியபடி முன்னால் நடந்தார்.