பக்கம் இருநூற்றுப் பதினான்கு

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் ஏழு மாதம் ஆகியிருந்தது. காரணம், பதினோரு அட்டைப்பெட்டிப் புத்தகங்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் கூட்டுச் சேர்ந்து வாங்கியவை அவை. தங்கை கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லாததால், எல்லாம் அண்ணன் வீட்டுப் பின்னறையில் கிடந்தன. அண்ணிக்கு மூச்சிரைப்பு உண்டு. பின்னறைச் சுவரில் ஈரம் ஏறிப் பெட்டிகளில் பூஞ்சை பிடித்ததும் இருமல் கூடிவிட்டது. அண்ணன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனையையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் தங்கைக்குச் சொன்னான். சொன்ன கையோடு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மின்புத்தக ரீடரையும் நீட்டினான்.

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு. என் கணக்குலயே போட்டிருக்கேன், நீயும் படிக்கலாம்."

"உனக்குப் புத்தகமும் ஒண்ணு, பழைய பேப்பரும் ஒண்ணு," என்றாள் தங்கை.

"அஞ்சு வருஷத்துல ஒரு தடவ வந்து ஒரு பெட்டியத் தொறந்து பாத்தியா நீ?"

அவள் பார்க்கவில்லைதான். உண்மையாக இருந்ததால்தான் அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவள் வந்தவள்தான். ரீடரை அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் போட்டாள்.

அவளுக்குப் பல்செட் செய்கிற லேபில் வேலை. வாயின் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல்லைப் பல்லாக நட்டு, கடைவாய் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். கை எப்போதும் வெள்ளை வெளேரென்றிருக்கும். லேபுக்குப் போகிற பஸ்ஸின் வழியை மாற்றியதில் பயணம் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் பாதிக்குமேல் நின்றபடிதான் போக வேண்டும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடிப் புத்தகத்தை விரித்துப் படிக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். தாடையால் பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். ஒரு திருப்பத்தில் புத்தகம் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையில் விழுந்ததும் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் ரீடரைத் துண்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள்.

உள்ளே வரிசையாகப் பெயர்கள். அவர்களுடைய புத்தகங்களேதான். அதில் ஒரு தடி நாவலும் இருந்தது. ஒரு தீவில் கலங்கரை விளக்கம் காக்கும் குடும்பத்தில் மூத்தவன் காணாமல் போகிற கதை. யார் முதலில் படிப்பது என்று இருவரும் அடித்துக்கொண்டதில், கடைசிவரை யாருமே படிக்காமல் போன புத்தகம் அது. அதைத் தொட்டதும் திரையில் ஒரு கட்டம் எழுந்தது. 'இன்னொரு கருவியில் பக்கம் 61 வரை படித்திருக்கிறீர்கள். அங்கே செல்லவா?'

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றதில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் படிப்பான் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லி வைத்தாற்போல் தினமும் இரண்டு மணிக்குள் எண் நகர்ந்துவிடும். 73, 84, 97. அவன் கோடிட்ட வரிகளும் அவள் திரையில் தெரிந்தன. அழகான வரி என்று எதையாவது போட்டிருக்கிறானா என்று பார்த்தால், எல்லாம் எழுத்துப்பிழை. 'விளக்கு' என்பதை 'விலக்கு' என்று அடித்த இடத்தில் இரண்டு கோடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று அப்புறம் கோபமும் வந்தது.

அவனை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று வேகமாகப் படித்தாள். கதை மனதில் நிற்கவில்லை, எண்தான் நின்றது. லேபில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்து பார்ப்பாள். ஒருநாள் மேல்வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல்லை இடப்பக்கத்தில் நட்டுவிட்டாள்.

லேபை நடத்தும் அம்மா அந்த மெழுகு வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத மாட்டிக்கிட்டு அந்த மனுஷன் சிரிச்சா, வீட்டுல இருக்கறவங்க வேற யாரோ வந்துட்டாங்கன்னு நினைப்பாங்க," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று மாலையே புத்தகக் கடைக்குப் போய் அதே நாவலின் அச்சுப் பிரதியை வாங்கினாள். தாளில் யாருடைய எண்ணும் வராது. யாரும் கூடவே வந்து கோடு போட மாட்டார்கள். ரீடரில் அவள் 171இல் இருந்தாள், அண்ணன் 188இல். ரீடர் பழையபடி அலமாரிக்குள் போனது.

நான்கு நாள் ராஜபோகமாக இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பாள், கிடைக்காவிட்டால் பேசாமல் நிற்பாள். ஆனால் வீட்டில் பக்கம் புரட்டும்போதெல்லாம் அவன் இந்த இடத்துக்கு வந்திருப்பானா, கதையில் காணாமல் போனவனின் தம்பிக்காரன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்திருப்பானா என்று ஓர் அரிப்பு. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்து எழுந்து போய்விட்டாற்போல் இருந்தது. ஐந்தாம் நாள் துண்டுகளைக் கலைத்தாள்.

214.

மறுநாளும் 214. அதற்கு மறுநாளும் அதே 214. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தாள். அவனும் அச்சுப் புத்தகம் வாங்கிவிட்டானோ என்றுகூட நினைத்தாள். ஆறாம் நாள் ஆனபோது அவன் வேலைதான் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்க்கிறவன் அவன்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவருக்காக பிரேக் மிதித்து மிதித்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலதுகால் தானாகத் தரையை அழுத்தும்.

"ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவ?"

"அவன்தான குடுத்தான். அவன் பண்ணட்டும்."

"நான் பண்றேன், குடு."

"நீங்க பண்ணா நான் பண்ணச் சொன்ன மாதிரிதான் ஆகும்."

"அப்ப அந்த ரீடரத் தொறந்து தொறந்து பாக்காத. பாக்கற எனக்கே தல சுத்துது," என்றார். கால் தரையை அழுத்தியது.

பதினோராம் நாளும் எண் நகரவில்லை. அன்று லேபில் அவள் ஒரே பல்லை மூன்று முறை நட்டுப் பிடுங்குவதைப் பார்த்த அந்த அம்மா, "நீ கிளம்பு. எங்க போகணுமோ போயிட்டு வா," என்றார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பினாள். பையில் அச்சுப் புத்தகமும் இருந்தது, ரீடரும் இருந்தது.

கதவைத் திறந்த அண்ணி அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "உள்ள வா. சத்தமா பேசலாம், ஆனா அவர நிமிரச் சொல்லாத," என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். கட்டிலின் விளிம்புக்கு வெளியே நீட்டிய ஒரு வட்டத் தலையணையில் முகம் புதைந்திருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய பிடரியும், பக்கவாட்டில் கண்ணை மூடி ஒட்டிய கட்டின் ஒரு முனையும்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு பேச வந்தவள் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?" என்றான் தரையிடம்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கால்ல பிளாஸ்டர். உன்ன விட்டா யாரு மாவுல நடந்து வருவா?"

அண்ணிதான் விவரம் சொன்னார். வேலை நேரத்தில் ஒரு கண்ணில் கறுப்புத் திரை இறங்கியதுபோல் ஆகியிருக்கிறது. விழித்திரை பிரிந்துவிட்டதாம். உடனே அறுவை செய்து கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். குப்புறக் கிடந்தால்தான் அந்த வாயு விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும். இன்னும் மூன்று நாள் இப்படித்தான் கிடக்க வேண்டும். படிக்கவே கூடாது.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா ஓடி வருவ. ஓடி வந்துட்டு, கோபத்த எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிப்ப."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"இப்ப நீயா வந்த," என்றவன் உடனே, "நீ எதுக்கு 171ல நின்ன?" என்றான்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"எனக்கும் காட்டும்ல. நல்லா வேகமா வந்துட்டிருந்த, திடீர்னு அப்படியே நின்னுட்ட. நாலு நாளா அதே 171. உனக்கு என்னமோ ஏதோன்னு ஆயிடுச்சு எனக்கு. அன்னிக்குச் சாப்பிடும்போதுகூட அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், கண்ணுல திரை இறங்கறப்ப."

அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. பிடரியோடு பேசுவதும் அலுத்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, அப்படியே மல்லாக்கப் படுத்துத் தலையை நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோனாள். வட்டத் தலையணையின் ஓட்டை வழியாக அண்ணனின் முகம் தெரிந்தது. கன்னமெல்லாம் அழுந்தி வீங்கி, நல்ல கண் மட்டும் அவளைப் பார்த்துச் சிமிட்டியது.

"அச்சுப் புத்தகம் வாங்கிட்டேன்," என்றாள். "உன் நம்பர் என்னை வேலை செய்ய விடல."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன."

"பேசலையே நாம."

"ஆமா," என்றான். பிறகு, "ஒண்ணொண்ணா பேர அடிச்சுத் தேடுனேன். மூணு வாரம். நூத்தி எம்பதுல அறுபத்தி மூணுதான் கெடச்சுது. எல்லாம் இருக்குன்னு உங்கிட்ட சொன்னது பொய்," என்றான்.

அவளுக்கு அந்த மீதியின் பெயர்களைக் கேட்க வேண்டும்போலவும் இருந்தது, கேட்கக் கூடாது போலவும் இருந்தது. கேட்கவில்லை. பையை இழுத்து அச்சுப் புத்தகத்தை எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அவன் விட்ட இடத்திலிருந்து படித்தாள். எழுநூறு பக்கத்தைப் படுத்துக்கொண்டு தூக்கிப் பிடிப்பது லேசான காரியமில்லை. மூன்றாம் பக்கத்தில் புத்தகம் நழுவி மூக்கில் விழுந்தது. அண்ணன் உடம்பு குலுங்கச் சிரித்தான்.

"அவர சிரிக்க வைக்காத," என்றார் அண்ணி வாசற்படியிலிருந்து.

மீதியை ரீடரில் படித்தாள். இலேசாக இருந்தது, ஒரு கையிலேயே நின்றது. தம்பிக்காரனின் பொய் வெளிப்படுகிற இடம் வந்ததும் அண்ணன், "நான் அப்பவே நினைச்சேன்," என்றான். தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்து போனாள். வாயு கரைந்து கண் திறந்தபோது பார்வை வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. அந்தக் கண்ணில் நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிகிறது என்றான். மேலே ஏறி வேலை செய்யக் கூடாது என்று கீழே உட்கார்ந்து பழுதுப் புகார்களைக் குறித்து வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் வரி கலங்குவதால் சின்ன அச்செழுத்து இனி அவனுக்கு ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு ஒன்பது வரி என்று வைத்துப் படிக்கிறான்.

பெட்டிகளைப் பற்றி அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்கலாமா என்று ஒருநாள் அவள் ஆரம்பித்தாள். "போய் என்ன பண்ணப் போற, திருப்பிக் கேக்கப் போறியா?" என்றான். தெரியவில்லை என்றாள். அது அப்படியே நிற்கிறது.

நாவல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்து எதைப் படிப்பது என்று பேச்சு வந்தது. அவள் சொன்ன புத்தகம் அச்சில் மட்டும்தான் இருந்தது. அவன் சொன்னது ரீடரில் மட்டும்தான் இருந்தது.

"எனக்கு அந்தச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது."

"நான் படிச்சுக் காட்டறேன்."

"நீ படிச்சா பாதிய முழுங்கிடுவ. ரீடர்லயே வச்சுக்கலாம்."

"அப்புறம் நீ எங்க இருக்கன்னே பாத்துக்கிட்டிருப்பேன். ஊருக்கெல்லாம் கோரைப்பல் இடம் மாறும்."

"பாக்காம இரு."

"நீ பாக்காம இருப்பியா?"

அவன் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்தான். அவளும் எழுந்து நடந்தாள். அரைமணி நேரமாகியும் ஒன்றும் முடிவாகவில்லை. தூங்கப் போன அண்ணி எழுந்து வந்து, இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அறைக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.