கல்யாண வீட்டில் கண்ணீர் அஞ்சலி

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள் செம்மொழி. மறுமுனையில் நாகூர் லியாகத் அலி. கல்யாண வேலையில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஏம்மா, எம்மக சாஜிதாவுக்கு இன்னைக்கு நிக்காஹ். மண்டபத்துக்கு வழி பாக்கலாம்னு பத்திரிகையில உள்ள வெப்சைட் அட்ரஸைப் போட்டா, கண்ணீர் அஞ்சலின்னு மாலை போட்ட ஒரு பெரியவர் படம் வருது. சம்பந்தி வீட்ல என்னைப் பாக்கற பார்வை இருக்கே..."

இதோ சரிசெய்கிறேன் என்றாள்.

தஞ்சாவூரில் அஹமது கபீரின் ஆபீஸ் அது. டெல்டா முழுக்கக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஆளுக்கொரு இணையப் பக்கம் போட்டுத் தருகிற தொழில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி மாளாது என்று, செம்மொழிதான் சர்வருக்கு ஒரே விதியைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: கேட்கிற முகவரியில் முதல் புள்ளிக்கு முன்னால் என்ன பெயர் இருக்கிறதோ, அதே பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து காட்டு. சாஜிதா என்று கேட்டால் சாஜிதாவின் ஃபோல்டர். அவ்வளவுதான்.

பத்திரிகை அடித்த அச்சகத்துக்காரர், முன்னால் www இல்லாமல் அதென்ன வெப்சைட் என்று தாமாகவே சேர்த்துவிட்டார். விருந்தாளிகள் அத்தனை பேரும் அதில் இருந்தபடியே தட்டினார்கள். சர்வரும் சொன்ன சொல் தட்டாமல் www என்ற ஃபோல்டரைத் திறந்தது. ஆரம்பத்தில் அவள் கையில் இருந்த ஒரு படத்தைப் போட்டுச் சோதனைக்குச் செய்துவிட்டு அழிக்க மறந்த அஞ்சலிப் பக்கம் அதில்தான் கிடந்தது.

படத்தை அவள் திறந்து பார்க்கவில்லை. யாருடையது என்று கபீர் பாய்க்குத் தெரிவதற்குள் அழித்தாக வேண்டும். அழித்தாள். முன்னால் www வந்தால் அதை விட்டு அடுத்த பெயரை எடு என்று விதியைத் திருத்தினாள். சாஜிதாவின் பக்கம் ரோஜாப்பூ பார்டரோடு வந்து நின்றது. லியாகத் அலி போனை வைத்தார்.

"செத்தவருக்கே தெரியாது, நாகூர் பிரியாணிக்கு வந்துட்டுப் போனது" என்று பக்கத்து சீட் அன்பரசன் சிரித்தான்.

உள்ளறையிலிருந்து கபீர் பாய் வந்தார். திட்டவில்லை. அதுதான் அவளைக் கூனிக்குறுக வைத்தது. யார் படம் என்று கேட்டார். நெட்டில் எடுத்தது என்று மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லம்மா. வேதாரண்யத்துலேருந்து கல்யாணத்துக்குக் கிளம்பின ஃபாஜில், உப்பு யாவாரி, முகத்தைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டாராம். படத்துல இருக்கறவரு முன்னாடி ஃபாஜிலோட உப்பளத்துல உப்பு வாரினவராம். கல்யாணத்துக்கு வராம, மாலை வாங்கிக்கிட்டு ஃபாஜில் அந்தப் பெரியவர் வீட்டுக்கே திரும்பிட்டாரு. பாவம், அந்த வீட்டுப் புள்ளைங்க. நாம போய் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுடணும். நீ ஹெட்மாஸ்டர் வீட்டுப் பொண்ணு, பதமாப் பேசுவ. கிளம்பு."

செம்மொழி எழவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னதை இன்றும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அன்பரசனும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"ஃபாஜிலுக்குப் போன் போடுங்க பாய்" என்றாள். "மாலையோட போக வேணாம்னு சொல்லுங்க. அவரு உயிரோடதான் இருக்காரு. ஹெட்மாஸ்டர்லாம் இல்ல. அது எங்க அப்பா."